ஆயிரம் கெஜத்துக்கு எந்தத் தோட்டா?

நெடுந்தூர இலக்குச் சுடுதல் பற்றிச் சில மாதங்களாகச் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். வாங்கப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் ஆகாது. பறந்து போவது குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளை உறை, கூடு. கூட்டின் அடியில் பொறி தருவது பிரைமர், உள்ளே எரிவது மருந்து. இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. அதன் பெயரில் வரும் .308, 6.5 போன்ற எண்கள் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ.

கேள்வி: பிஸ்லி சுடுதளத்தில் ஒரு கிளப்பில் சேர்ந்து பயிற்சிக் காலத்தை முடித்துவிட்டேன். சொந்தமாக ரைபிள் வாங்க வேண்டும். கடைக்காரர் 6.5 கிரீட்மோர் தோட்டா என்கிறார். கிளப்பில் மூத்தவர்கள் .308 போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, ஐயா? (லண்டன் வாசகர்)

பதில்: எந்தப் போட்டியில் படுத்துச் சுடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் தோட்டாவும் பாதி முடிவானது போலத்தான். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் சுடும் டார்கெட் ரைபிள் பிரிவுக்குப் போவதென்றால் .308தான். பிஸ்லியின் ஜூலை மாதப் பெரும் போட்டியில் அந்தப் பிரிவினர் எல்லோருக்கும் அமைப்பாளர்களே ஒரே வகைத் தோட்டாவைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நீங்கள் வீட்டில் எவ்வளவு அருமையாகத் தோட்டா செய்து வைத்திருந்தாலும் அங்கே அது பெட்டியைவிட்டு வெளியே வராது. ஸ்கோப்பும் முன்கால் தாங்கியும் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸில் எஃப்-டிஆர் என்ற பிரிவு .308, .223 இரண்டை மட்டுமே ஏற்கும். கிரீட்மோரோடு போனால் உங்களை எஃப்-ஓப்பனில் சேர்ப்பார்கள். அங்கே எதிரில் படுத்திருப்பவர்கள் கனமான 7 மி.மீ. குண்டுகளைச் சுடுகிறவர்கள். புதியவர் பலர் ரைபிளை வாங்கிய பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இனி தோட்டாவின் தகுதிக்கு வருவோம். .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. கிரீட்மோர் 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடுதலை மனத்தில் வைத்தே வடிவமைத்தது. கிரீட்மோரின் குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் காற்றை எளிதாகக் கிழித்துச் செல்கிறது. உதையும் குறைவு. 1000 கெஜத்தில், மணிக்கு ஒரு மைல் வேகப் பக்கக்காற்று .308-இன் 175 கிரெய்ன் எடைக் குண்டைச் சுமார் 9 அங்குலம் தள்ளும். கிரீட்மோரின் 140 கிரெய்ன் குண்டை ஏறக்குறைய 7 அங்குலம் தள்ளும்.

இப்போது இலக்கைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் எஃப்-கிளாஸ் இலக்கின் முழு மதிப்பெண் வட்டம் 10 அங்குல விட்டம். நடுவிலிருந்து விளிம்புக்கு 5 அங்குலம்தான். காற்றை ஒரு மைல் தவறாகக் கணித்தால் இரண்டு குண்டுமே வட்டத்துக்கு வெளியேதான் விழும். விலை கொடுத்து வாங்கும் தோட்டா இரண்டு அங்குலத்தை மீட்டுத் தரும். மீதி ஏழும் காற்றைக் காட்டும் கொடியையும் கானலையும் படிக்கும் கண்ணிடம் இருக்கிறது. அந்தக் கண் சுட்டுச் சுட்டுத்தான் வரும்.

அதனால் உங்களுக்கு நான் .308-ஐத்தான் சொல்வேன். குழல் நெடுநாள் உழைக்கும். கவனமாகச் சுட்டால் 3000 தோட்டாக்களைத் தாண்டியும் போட்டித் தரத்தில் இருக்கும். கிரீட்மோர் குழல் பொதுவாக அதற்கு முன்பே தேய்ந்துவிடுகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: இங்கிலாந்தில் உங்கள் துப்பாக்கிச் சான்றிதழில் எழுதியிருக்கும் அளவைத்தான் வாங்க முடியும். கையில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதில் இருக்கும், வீட்டில் செய்த தோட்டாவும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: ஒரே நிறுவனம், ஒரே .308, ஒரே போட்டித் தரப் பெட்டி. ஒன்றில் 168 கிரெய்ன், மற்றதில் 175 கிரெய்ன். 100 கெஜத்தில் என் ரைபிளில் 168-இன் துளைகள்தான் நெருக்கமாகக் கூடுகின்றன. அதையே ஆயிரத்துக்கும் வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: வேண்டாம். சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு 300 மீட்டர் பன்னாட்டுப் போட்டிக்காகப் பிறந்தது. அந்தத் தூரத்தில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் அதன் வால் சரிவு அந்தத் தூரத்துக்கு ஏற்றது. போகப் போக வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டு தள்ளாடத் தொடங்கும். 1000 கெஜத்தில் அதைச் சுட்டவர்கள் காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போல நீண்ட கிழிசலைப் பார்த்திருப்பார்கள். குண்டு பக்கவாட்டில் புரண்டு வந்து மோதியதன் தடயம் அது. 175 கிரெய்ன் குண்டு அந்தக் கட்டத்தை நிதானமாகக் கடக்கிறது. 600 கெஜம் வரை சுடும் நாட்களுக்கு 168-ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறையே இல்லை. 100 கெஜக் காகிதம் குழலைப் பற்றிச் சொல்லும். ஆயிரத்தில் என்ன நடக்கும் என்பதை ஆயிரத்தில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடைத் தோட்டா விலை தாங்கவில்லை. வீட்டில் நிரப்பத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். எதை முதலில் வாங்குவது? அனுபவமுள்ள நீங்கள் எத்தனை கிரெய்ன் மருந்து போடுகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். (மெல்போர்ன் வாசகர்)

பதில்: என் அளவைச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் குழலுக்கும் என் கூட்டுக்கும் பொருந்திய அளவு உங்கள் ரைபிளில் அழுத்தத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது. கூட்டின் சுவர் சற்றுத் தடித்திருந்தாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது புத்தகம். மருந்து தயாரிப்பவரும் குண்டு தயாரிப்பவரும் வெளியிடும் அளவுக் கையேடு. உங்கள் நாட்டில் மருந்து தயாரிக்கும் ஏடிஐ நிறுவனமே அப்படி ஒன்றை வெளியிடுகிறது. நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் தயாராகும் ஏஆர்2208 மருந்துதான் அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பெயரை மாற்றிப் படிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கையில் இருக்கும் டப்பாவின் பெயர் எந்தக் கையேட்டில் இருக்கிறதோ அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துச் சிறுகச் சிறுக ஏறுங்கள். குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைத் தூக்கக் கை கனத்தாலோ, பிரைமர் தட்டையாகப் பரந்திருந்தாலோ, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திக் கீழே இறங்குங்கள்.

அடுத்தது தராசு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு வரை நம்பகமாகக் காட்ட வேண்டும், சரிபார்க்கும் எடைக்கல்லும் கூடவே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் இந்த வேலை நடக்காது. மூன்றாவதாகக் கூடு. இங்கே மட்டும் கை தாராளமாக இருக்கட்டும். லாபுவா போன்ற நல்ல கூடு ஒவ்வொன்றும் விலைதான், ஆனால் நான்கு பாகங்களில் திரும்பக் கைக்கு வருவது அது ஒன்றே. நிரப்புவதில் சேமிப்பு என்று ஏதாவது இருந்தால் அது கூட்டில்தான் இருக்கிறது. அழுத்துக் கருவியும், சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகளும் இதற்குப் பிறகு. நடுத்தர விலையில் உறுதியான இரும்புக் கருவி போதும்.

கடைசியாக வேகமானி. பலர் இதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். நெடுந்தூரத்தில் இது இல்லாமல் குருட்டு வேலைதான். .308-இல் விநாடிக்கு 10 அடி வேகம் குறைந்தால் 1000 கெஜத்தில் குண்டு சுமார் 3 முதல் 4 அங்குலம் தாழ்ந்து விழும். தோட்டாக்களுக்குள் 30 அடி வேறுபாடு இருந்தால் காற்றே இல்லாத காலையிலும் முழு வட்டத்தில் அடங்க மாட்டீர்கள். 100 கெஜத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, எல்லாம் ஒரே துளையில் போனது போல இருக்கும். மூன்று தோட்டா சுட்டு முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது பத்து சுடுங்கள். வேகம் ஒத்துவந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள், உச்ச வேகம் தந்த அளவை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்தால் மருந்து சூடேறி அழுத்தம் கூடும். சுட்ட சூட்டோடிருக்கும் குழலின் தோட்டா அறையில் தோட்டாவை ஏற்றிவிட்டுக் கொடி திரும்பட்டும் என்று நிமிடக்கணக்கில் காத்திருந்தாலும் அதே கதைதான். பெட்டிமேல் ஒரு வெள்ளைத் துணி போடுங்கள்.

கேள்வி: சென்னையில் 50 மீட்டர் பிரிவில் .22 சுடுகிறேன். இங்கே வீட்டில் தோட்டா நிரப்ப முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: .22-ஐப் பொதுவாக எங்கேயும் வீட்டில் நிரப்புவதில்லை, பொறிமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால். மற்ற தோட்டாக்களுக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள்) தேர்வு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லாட் எண் மாறினால், ஒரே பெயருள்ள தோட்டாவே உங்கள் குழலில் வேறு மாதிரி கூடும். தோட்டா தயாரிக்கும் எலேயும் லாபுவாவும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் நடத்துகின்றன. பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான் என்பதால் இந்த வேறுபாடு மதிப்பெண்ணில் தெரியும். வெவ்வேறு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, பொருந்திய லாட்டில் பருவத்துக்கு வேண்டியதை மொத்தமாக எடுங்கள்.

கேள்வி: ஒருவர் தன்னிடமுள்ள பழைய .308 கூடுகளைப் பாதி விலைக்குத் தருகிறார். ஒரு முறைதான் சுட்டதாம். வாங்கலாமா, அண்ணா? (டொராண்டோ வாசகர்)

பதில்: நான் வாங்கினேன், தம்பி. நூறு கூடு, அதே வாக்குறுதி. தங்கம் போல மெருகேற்றி இருந்தன. மூன்றாவது முறை நிரப்பிச் சுட்ட நாளில் போல்ட்டைத் திறந்தேன், கூட்டின் அடிப்பாகம் மட்டும் கழன்று வந்தது. மீதிக் குழாய் அறைக்குள்ளேயே ஒட்டியிருந்தது. கன்னத்தில் சூடாக ஊதிய வாயு கண்ணாடியில் கரியைப் பூசியிருந்தது. கண்ணாடி போடாமல் நான் படுப்பதில்லை, அதனால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல மடக்கி, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்த்தேன். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். அடியிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் கம்பி தடுக்கி ஒரு பள்ளத்தில் இறங்கினால், அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அகன்ற அறையுள்ள துப்பாக்கியில் சுட்டு, பிறகு அச்சில் அளவுக்கு மீறி அழுத்திக் கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) கீழே இறக்கினால் ஒவ்வொரு முறையும் பித்தளை நீண்டு நீண்டு அந்த இடம் மெலியும். தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இறக்கினால் போதும், அதற்குமேல் தேவையில்லை. இதை வெளியே இருந்து பார்த்தால் சில கூடுகளில் மங்கலாக ஒரு வெளிர் வளையம் தெரியும். மெருகேற்றினால் அதுவும் மறைந்துவிடும்.

விற்பவர் முன்னாலேயே கம்பியை விட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் மருந்தும் சேர்த்துத் தருகிறேன் என்றால் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். என் நூறு கூடுகளில் 11 தடுக்கின. மீதியையும் நம்ப மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சுத்தியலால் நசுக்கிப் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன்.