சமீபத்துல படிச்ச நாவல்கள் பத்தி கேளுங்க, சொல்றேன்

நான் விமர்சகர் கிடையாதுங்க, எல்லாரும் பேசற நாவல்னா எடுத்து படிச்சுடற ஒரு சாதாரண வாசகி, அவ்ளோதான். முடிவை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன், அதை கேக்காதீங்க.

கேள்வி: அக்கா, சயின்ஸ்னாலே எனக்கு அலர்ஜி. ப்ராஜெக்ட் ஹெயில் மேரி எனக்கு செட் ஆகுமா? ராக்கி ராக்கின்னு எல்லாரும் உருகறாங்களே, யாரு அது?

பதில்: தைரியமா எடுங்க. ஆண்டி வியர் எழுதி 2021ல வந்தது. ஒருத்தன் விண்கலத்துல கண்ணு முழிக்கறான், தன் பேரே ஞாபகம் இல்ல, கூட வந்த ரெண்டு பேரும் செத்து கிடக்கறாங்க. ஒரு நுண்ணுயிரி சூரியனோட சக்தியை உறிஞ்சிட்டு இருக்கு, அதுக்கு வழி கண்டுபிடிக்கத்தான் தன்னை அனுப்பியிருக்காங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. ராக்கி அங்க அவன் சந்திக்கற வேற்றுகிரக இன்ஜினியர். கண்ணே கிடையாது, எல்லாத்தையும் சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்கும், பேசறது முழுக்க சுரம் மாதிரி. அது வாழறது அம்மோனியா காத்துல, அழுத்தம் பூமியைப் போல 29 மடங்கு, அதனால ரெண்டு பேருக்கும் நடுவுல எப்பவும் ஒரு தடுப்பு இருந்தே ஆகணும், ஒருத்தரை ஒருத்தர் தொடவே முடியாது. அப்படியும் எண்ணுல ஆரம்பிச்சு ஒவ்வொரு வார்த்தையா பழகி நண்பர்கள் ஆகறாங்க பாருங்க, அங்கதான் இந்த நாவல் ஜெயிக்குது. ராக்கியோட ஊர்ல ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் பக்கத்துல இருந்து பாத்துக்கணும், அதனால இவன் தூங்கும்போதும் நான் பாத்துக்கறேன்னு அடம் பிடிக்கும், அந்த இடத்துல எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. கணக்கு வர்ற பத்தியெல்லாம் மேலோட்டமா படிச்சுட்டு போனாலும் கதை புரியும். குறைன்னா பூமியில நடக்கற ஃப்ளாஷ்பேக்தான், அந்த திட்டத்தை நடத்தற ஸ்ட்ராட்ங்கற அம்மாவை தவிர வேற யாரும் மனசுல நிக்கல.

கேள்வி: அதையே ஆடியோபுக்கா கேக்கலாமா?

பதில்: கண்டிப்பா. ராக்கி பேசற இடத்துல நிஜமாவே இசை சத்தம் வரும், இந்த புக்குக்கு ஆடியோதான் ஒரு படி மேல.

கேள்வி: சைலன்ட் பேஷன்ட் ட்விஸ்ட் பத்தி ஓவரா சொல்றாங்க. அவ்ளோ ஒர்த்தா மேடம்?

பதில்: ட்விஸ்ட் ஒர்த். ஓவியர் அலிசியா தன் புருஷனை முகத்துலயே அஞ்சு தடவை சுட்டுட்டு அதுக்கப்பறம் ஒரு வார்த்தை பேசல, அவளை பேச வைக்க தியோன்னு ஒரு தெரபிஸ்ட் வர்றார். ஒரு பக்கம் அவர் சொல்ற கதை, இன்னொரு பக்கம் அவளோட டைரி. முடிச்சுட்டு நான் முதல் பக்கங்களை திருப்பி பாத்தேன், எழுத்தாளர் பொய் சொல்லவே இல்ல, நாமளாத்தான் ஒண்ணை நெனச்சுக்கறோம். அந்த நேர்மை எனக்கு ரொம்ப முக்கியம். கொலைக்கு அப்பறம் அலிசியா வரையற படத்துக்கு வச்ச அல்செஸ்டிஸ்ங்கற பேரு, புருஷனுக்காக சாகத் துணிஞ்சு, திரும்பி வந்தப்பறம் பேசாம நிக்கற ஒரு கிரேக்க நாடக நாயகியோடது, அதையும் கவனிச்சு படிங்க. ஆனா ட்விஸ்டை எடுத்துட்டு பாத்தா அந்த மனநல மருத்துவமனையும் அங்க இருக்கறவங்களும் ரொம்ப தட்டையா தெரிவாங்க. ஒரு தடவை படிக்கலாம், பரிசு கொடுக்கலாம், எனக்கு ரெண்டாவது தடவை எடுக்க தோணல.

கேள்வி: மிட்நைட் லைப்ரரி படிச்சா வாழ்க்கையே மாறும்னு ஃப்ரெண்ட் கொடுத்தா. எனக்கு பாதிலயே போர் அடிச்சுடுச்சு. என்கிட்டதான் ஏதோ தப்பா?

பதில்: உங்க மேல எந்த தப்பும் இல்லமா. ஐடியா அருமை: வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவுல ஒரு நூலகம், ஒவ்வொரு புத்தகமும் நோரா வாழாம விட்ட ஒரு வாழ்க்கை. நீச்சல் வீராங்கனையா போறா, ராக் பாடகியா போறா, பனிப்பாறை ஆராய்ச்சிக்கு போறா. பிரச்சனை என்னன்னா ரெண்டு மூணு தடவைக்கு மேல அந்த சைக்கிள் நமக்கு பழகிடுது, உள்ள போவா, ஏதோ ஒண்ணு குறையும், திரும்பி வருவா. பத்தாததுக்கு மேட் ஹெய்க் ஒவ்வொண்ணுக்கும் பாடத்தை வேற வாய் விட்டு சொல்லிடறார், வாசகர் தானா உணர்றதுக்கு இடமே விடல. ஆனா ஆர்க்டிக்ல பனிக்கரடி எதிர்ல வந்து நிக்கற சீனை மட்டும் நீங்க தாண்டலைன்னா அதுவரைக்கும் படிங்க. சாகணும்னு நெனச்சவளுக்கு அந்த நிமிஷம் உயிர் மேல பயம் வருது, ஆசை வருது, புத்தகம் முழுக்க அறிவுரையா சொன்னதை அந்த சீன் ஒண்ணே செஞ்சு காட்டிடுது. இன்னொரு விஷயம், கதை தொடங்கறதே தற்கொலை முயற்சியிலதான், மனசு சரியில்லாத நேரத்துல யாருக்காவது கொடுக்கறதுக்கு முன்னாடி அதை சொல்லிட்டு கொடுங்க.

கேள்வி: எல்லோஃபேஸ் ஹீரோயினை சுத்தமா பிடிக்கல, எரிச்சலா வருது. தொடரலாமா?

பதில்: பிடிக்கக்கூடாதுன்னுதான் ஆர்.எஃப். குவாங் எழுதியிருக்காங்க! ஜூனோட கண்ணு முன்னாடியே அவளோட பிரபல எழுத்தாளர் தோழி அதீனா பான்கேக் தொண்டையில சிக்கி செத்துப்போறா, இவ அங்கிருந்து அவளோட வெளியாகாத நாவலை எடுத்துட்டு வந்துடறா. முதல்ல சும்மா திருத்தி பாக்கறேன்ங்கறா, அப்பறம் நானும்தானே உழைச்சேன்ங்கறா, அப்பறம் இது என்னோடதுங்கறா. ஒவ்வொரு படியிலயும் அவ சொல்ற நியாயம் கேக்க சரியாவே இருக்கும், நாமளும் ஒரு நிமிஷம் தலையாட்டிடுவோம், அந்த நிமிஷம்தான் இந்த நாவலோட பலமே. திருடின நாவல் சீனத் தொழிலாளர்கள் பத்தினது, அதுக்கு ஏத்த மாதிரி வெள்ளைக்காரியான இவ தன் நடுப்பேரை வச்சு ஜூனிப்பர் சாங்னு புதுசா பேரு போட்டுக்கறா, ஃபோட்டோ கூட அதுக்கேத்த மாதிரி. பாதிக்கு மேல ட்விட்டர் சண்டை கொஞ்சம் இழுவைதான், இருந்தாலும் விடாதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு, ஃபோர்த் விங் கேட்டு அடம் பிடிக்கறா. வாங்கித் தரலாமா?

பதில்: இப்ப வேண்டாங்க. டிராகன், கல்லூரின்னு இருக்கறதால குழந்தைங்க புக் மாதிரி தெரியுது, ஆனா அது பெரியவங்களுக்கு எழுதினது, வெளிப்படையான படுக்கையறை காட்சிகள் இருக்கு, கொலையும் நிறைய. உயரத்துல ஒடுக்கமான கல்பாலத்தை வயலட் நடந்து கடக்கற ஆரம்பம் செம விறுவிறுப்பு, அதுக்காகவே எனக்கு பிடிக்கும்.

கேள்வி: நேரமே கிடைக்கறதில்ல, சின்னதா நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன். ஆர்பிட்டல் ஓகேவா?

பதில்: 2024 புக்கர் பரிசு வாங்கின சமந்தா ஹார்வியோட நாவல், விண்வெளி நிலையத்துல ஆறு பேரோட ஒரே ஒரு நாள், அதுக்குள்ள பூமியை 16 தடவை சுத்திடறாங்க. வரிகள் அழகு, ஆனா கதைன்னு பெருசா எதுவும் நகராது, அவசரத்துல படிச்சா கையில ஒண்ணும் நிக்காது. உங்களுக்கு நான் சொல்றது கிளேர் கீகனோட ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ். 1985, அயர்லாந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்கள். நிலக்கரி விக்கற பில் ஃபர்லாங் கன்னியாஸ்திரீகள் மடத்துக்கு சரக்கு இறக்கப் போனா, நிலக்கரி கொட்டகைக்குள்ள ஒரு பொண்ணை பூட்டி வச்சிருக்காங்க. அப்படி பொண்ணுங்களை அடைச்சு வச்சு வேலை வாங்கின சலவைக்கூடங்கள் அங்க நிஜமாவே இருந்தது, கடைசி கூடம் மூடினதே 1996லதான். ஊருக்கே அரசல் புரசலா தெரியும், யாரும் வாய் திறக்கறதில்ல. ஃபர்லாங்குக்கோ அஞ்சு பொண்ணுங்க, அதுங்க படிப்பெல்லாம் அந்த மடத்து தயவுலதான் ஓடணும். அவன் என்ன செய்வான்ங்கற அந்த ஒரே கேள்வியில நூத்திச்சொச்சம் பக்கமும் போயிடும், இந்த லிஸ்ட்லயே நான் ரெண்டு தடவை படிச்சது இதுதான்.

கேள்வி: எத்தனை பக்கம் வரைக்கும் பொறுத்துப் பாப்பீங்க?

பதில்: பக்கக் கணக்கெல்லாம் இல்ல. அடுத்து அந்த ஆளுக்கு என்ன ஆகும்னு கவலையே வரலைன்னா மூடி வச்சுடுவேன்.

கேள்வி: ஜேம்ஸ் படிக்கணும்னா ஹக்கிள்பெர்ரி ஃபின் முதல்ல படிக்கணுமா அக்கா?

பதில்: கட்டாயம் இல்லப்பா, ஹக்னு ஒரு பையனும் தப்பிச்சு ஓடற ஜிம்ங்கற அடிமையும் மிசிசிப்பி ஆத்துல தெப்பத்துல போற கதைன்னு தெரிஞ்சா போதும். பெர்சிவல் எவரெட் அதையே ஜிம்மோட வாயால சொல்றார், 2025ல புலிட்சர் பரிசு வாங்குச்சு. ஆரம்பத்துலயே ஒரு காட்சி வரும், ஜிம் குழந்தைங்களுக்கு பாடம் எடுக்கறார். என்ன பாடம்னா, வெள்ளைக்காரங்க முன்னாடி எப்படி தப்பு தப்பா, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசறதுன்னு. தங்களுக்குள்ள அந்த அடிமைங்க சுத்தமா, தெளிவா பேசிக்கறவங்க. அவங்களை விட நாம மேலன்னு வெள்ளைக்காரங்களுக்கு எப்பவும் தோணிட்டே இருக்கணும், அப்பதான் உயிர் தப்பும்னு அந்த பிஞ்சுங்களுக்கு சொல்லிக் கொடுக்கறார். அந்த அத்தியாயத்தை மட்டும் படிச்சுப் பாருங்க, மிச்சத்தை நீங்களே விட மாட்டீங்க.