இரும்பு கையிலா, வயிற்றிலா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. கடைக்காரர் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்ததும் இரண்டே நிமிடத்தில் நின்றுவிட்டது. என்னிடமுள்ள ஆரோக்கிய நூலிலும் 'இரும்பைப் பிடிக்கக் கொடுக்கவும்' என்றுதான் இருக்கிறது. கண்ணால் பார்த்ததும் புத்தகத்தில் படித்ததும் ஒத்துப்போகும்போது டாக்டர்கள் ஏன் மறுக்கிறார்கள்?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இரும்பு இருக்கட்டும். 'இரண்டே நிமிடத்தில்' என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். முதலில் உடம்பு விறைக்கும், பல் கிட்டும், மூச்சு தடைபட்டு உதடு நீலம் பாரிக்கும். இது பத்து இருபது விநாடி. பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். அது ஒரு நிமிடம் போல. அந்த நேரத்தில் நம் சந்துகளில் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். 'சாவி, சாவி' என்று ஒருவர் கத்துவார். இன்னொருவர் இடுப்பைத் தடவி எடுத்துக் கொடுப்பதற்குள் ஒரு நிமிடம் போயிருக்கும். இறுகிய விரலைப் பிரித்துத் திணிப்பதற்குள் இன்னும் அரை நிமிடம். வலிப்பு ஓயும் வேளையும் அதுதான். கையில் எதையுமே கொடுக்காமல் விட்டிருந்தாலும் அப்போதே ஓய்ந்திருக்கும்.

சாவியால் கெடுதல் இல்லையே என்பீர்கள். இருக்கிறது. சாவியின் பல் உள்ளங்கையைக் கிழிக்கும். அதைவிட மோசம், எல்லார் கண்ணும் கையிலேயே இருக்க, பையனின் தலை தரையில் மோதிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மணி பாருங்கள். தலைக்கடியில் மடித்த துண்டையோ பள்ளிப்பையையோ வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். இழுப்பை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் நுரையும் வெளியே வழியட்டும். வாயில் ஸ்பூனோ துணியோ விரலோ வைக்கவே கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. உடைகிற பல்தான் மூச்சுக்குழாய்க்குள் போகும். நன்றாக நினைவு திரும்பும்வரை சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி இழுத்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்த 'ஐந்து நிமிடம்' உங்கள் நூலில் எங்காவது இருக்கிறதா? மருத்துவ நூலை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான். பழையதா புதியதா, சித்தமா ஆங்கில மருத்துவமா என்பதெல்லாம் அப்புறம். 'எப்போது புத்தகத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்' என்று ஒரு வரியாவது இல்லாத நூலை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. பழமை குற்றமே இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிரேக்க மருத்துவ நூல், வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையில் எழும் நோய் என்று வாதாடியிருக்கிறது.

இங்கேயோ 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த 'வலிப்பு' என்ற சொல்லை நீக்க 1999 வரை ஆயிற்று. நீக்கிய பிறகும், கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் வலிப்பு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக, விடாமல் இழுக்கும். உயிரே போகலாம். குறைந்தது இரண்டு ஆண்டாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டர் யோசிக்கவே தொடங்குவார். சாவிக்கொத்தின் மேலுள்ள நம்பிக்கை கெடுப்பது இந்த மாத்திரையைத்தான்.

இனி இரும்பு. அது போக வேண்டிய இடம் வயிறு. இதிலும் நம் நூல்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறுகின்றன. சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் ரத்தம் ஊறவைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு. பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். இந்த விஷயத்தில் ராயபுரத்துக் கறிக்கடையில் 'சுவரொட்டி ஒண்ணு குடு' என்று கேட்கும் பாட்டிதான் நூலாசிரியரைவிடத் தெளிவானவர். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். அதில் ஈரலைவிடவும் இரும்பு அதிகம், உடம்பிலும் எளிதாகச் சேரும். ஈரலும் நல்லதே, ஆனால் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் கர்ப்பிணிகள் அடிக்கடி சாப்பிடக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தொடாதீர்கள். டீயின் துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. பால், கால்சியம் மாத்திரை இரண்டையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் துணை நிற்கும். மலம் கறுத்துப் போவது மாத்திரையின் நிறம்தான், அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். ரத்த அளவு சரியான பிறகும் டாக்டர் சொல்லும்வரை, வழக்கமாக மூன்று மாதம் போல, தொடர்ந்தால்தான் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்பும். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் தெருப் பையனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை டாக்டர்கள் மறுப்பதாக வருந்துகிறீர்கள். வலிப்பில் அவர்கள் முதலில் கேட்பதே கண்ணால் பார்த்தவரைத்தான், ஏனென்றால் பையனுக்கு எதுவும் நினைவிருக்காது. இழுப்பு எந்தக் கையில் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, நாக்கு கடிபட்டதா, சிறுநீர் போனதா, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாராவது செல்போனில் படம் பிடித்திருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவன் அம்மாவோடு நீங்களும் போய் வாருங்கள்.