பினாங்கில் ஒரே நாள்தான் கிடைக்கிறது: கோயில்களையும் சாப்பாட்டையும் எப்படி அமைத்துக்கொள்வது?

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலிலிருந்து தொடங்குங்கள். 513 படிகள், வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

பிறகு ஜார்ஜ் டவுன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், பக்கத்துக் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தெருவின் பெயருக்குரிய பள்ளிவாசல் என எல்லாம் நடை தூரத்தில்தான். இவ்வளவு நெருக்கமாக நான்கு சமயங்கள் நிற்பதை அவசியம் நடந்தே பாருங்கள். மாரியம்மன் கோயில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைத் தவிர்த்துவிடுங்கள்.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு சுமந்து, இருபக்கமும் சோறும் குழம்பும் தொங்க விற்றதால் வந்த பெயர். "பஞ்சிர்" என்று சொன்னால் நாலைந்து குழம்பைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். ருசியே அந்தக் கலவையில்தான். பெரிய இறால், மீன்முட்டை எடுத்தால் பில் எகிறும். தட்டில் வைக்குமுன் விலை கேளுங்கள்.

மாலையில் ஆயர் ஈத்தாம் பக்கம் போனால் அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் சூப்: புளி, மீன் சாறு, மேலே கறுப்பு இறால் விழுது. விழுதை நன்றாகக் கரைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாயில் உப்பு கரிக்கும்.