ஒரு மாத வாக்கிங்குக்குப் பரிசாகக் கொரியன் ரெஸ்டாரண்ட் சாப்பாடு: போகலாமா? எதை ஆர்டர் செய்வது?

கேட்டவர் ஓசூர்க்காரர். வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம் வேக நடை. மாதம் ஒருமுறை பெங்களூர் போய்க் கொரியன் சாப்பாடு சாப்பிட ஆசை. "நடந்ததெல்லாம் வீணாப் போயிடும்" என்கிறார்கள் வீட்டில்.

வீணாகாது, தைரியமாகப் போங்கள். டயட் குரூப்களில் இந்தப் பதிலுக்குத் திட்டு விழும் என்று தெரியும். அதனால் முதலில் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 முதல் 300 கலோரி செலவாகும். ஐந்து நாளைக்கு 1,250 முதல் 1,500. கொரியன் கடையில் 200 கிராம் பன்றிக்கறி, ஒரு கிண்ணம் சோறு, ஒரு பாட்டில் சோஜு (கொரியச் சாராயம்) என்று உட்கார்ந்தால் அது 1,600ஐத் தொட்டுவிடும். "பாத்தீங்களா, ஒரு வார நடை போச்சு" என்பார்கள். ஆனால் அன்று மதியம் நீங்கள் பட்டினியாகவா இருக்கப் போகிறீர்கள்? வீட்டில் சாப்பிட்டாலும் 600, 700 ஆகும். கூடுவது மட்டும்தான் கணக்கு. மாதம் ஒருமுறை கூடினால் ஒன்றும் ஆகாது, வாராவாரம் என்றால்தான் இடிக்கும். நடையால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கிடைக்கும் நன்மையை ஒருவேளைச் சாப்பாடு அழித்துவிடாது. ஏற்கெனவே பிரஷர், கிட்னி தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொரியன் சாப்பாட்டில் உப்பு அதிகம்.

காலையில் நடந்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். கொரியர்கள் நடத்தும் கடைகள் உள்ள கம்மனஹள்ளிப் பக்கம் போய்ச் சேரவே ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அகோரப் பசியோடு உட்கார்ந்தால் கை முதலில் போவது பொரித்த சிக்கனுக்குத்தான். ஒரு டம்ளர் ராகிக் கூழில் மோர் விட்டுக் குடித்துவிட்டுப் போனால் நிதானமாக ஆர்டர் செய்யலாம்.

ஆர்டர் செய்ய வேண்டியது சம்க்யொப்சல். பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறி, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும், மேஜையிலேயே சுடுவார்கள். பல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்கு வாங்கச் சொல்வார்கள், அதனால் துணைக்கு ஆள் வேண்டும். கறி சுடும் தட்டு நன்றாகக் காய்ந்த பிறகே கறியை வையுங்கள். காயாத தட்டில் போட்டால் ஒட்டிக்கொண்டு தண்ணீர் விடும், பொன்னிறம் வராது. சும்மா சும்மா புரட்டக் கூடாது. மேல் பக்கம் சாறு முத்து முத்தாகக் கிளம்பியதும் ஒருமுறை புரட்டி, இரண்டு பக்கமும் சிவந்ததும் கத்திரிக்கோலால் வெட்டி, வெட்டிய பக்கங்களையும் சுடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகவில்லை.

தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உருகும் கொழுப்பு அந்தப் பக்கம் ஓடி வடியும். அந்த ஓட்டத்தில் கிம்ச்சியை, அதாவது காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸைப் போட்டு வதக்குவார்கள். ருசி அபாரம், ஆனால் வடிந்து போக வேண்டிய கொழுப்பெல்லாம் அதில் ஏறிவிடும். இரண்டு வாய் போதும், மீதிக் கிம்ச்சியைப் பச்சையாகவே சாப்பிடுங்கள்.

சாப்பிடும் முறை: லெட்யூஸ் இலையில் ஒரு துண்டு கறி, சுட்ட பூண்டு ஒரு சீவல், பட்டாணி அளவு சம்ஜாங் (புளிக்கவைத்த சோயாவும் மிளகாயும் கலந்த விழுது). மடித்து ஒரே வாயில். பிய்த்துத் தின்றால் எல்லாம் கையில் கொட்டும். சம்ஜாங்கைத் தாராளமாகத் தடவினால் கறி ருசி போய் உப்புதான் நிற்கும். இலை, தொட்டுக்கொள்ளும் காய் வகைகளைக் கொரியாவில் கேட்டால் மறுபடி தருவார்கள், காசு கிடையாது. இங்கே அந்தக் கடையில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் பழக்கம் சோறு முதலில் வருவது. அங்கே கறி முடிந்து கடைசியில் கேட்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாதிப் பேருக்கு அதற்குள் வயிறு நிறைந்துவிடும், ஒரு கிண்ணத்தை இருவர் பங்கிட்டால் போதும். புல்கோகி மாதிரி மசாலாவில் ஊறிய கறியும் வாங்கினால் அதைக் கடைசியில் சுடுங்கள். அதில் சர்க்கரை இருப்பதால் தட்டில் கருகிப் பிடிக்கும், பிறகு சுடுவதெல்லாம் கசக்கும்.

பன்றி, மாடு வேண்டாதவர்களுக்குத் தக் கால்பி, காரச் சிக்கன். சைவர்களுக்குக் கறி இல்லாத பிபிம்பாப் (சோற்றின் மேல் காய் வகைகள் வைத்துக் கிளறிச் சாப்பிடுவது), முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ இருக்கும், காய் என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். சூப்பும் பல இடங்களில் நெத்திலியில் கொதித்தது.

சோஜு 360 மில்லி, பாட்டிலுக்கு 330 கலோரி அளவு. தண்ணீர் மாதிரி இறங்கும், ஆனால் பீரைப் போல மூன்று மடங்கு வீரியம். மாநில எல்லையான அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு வண்டி ஓட்ட வேண்டியவர் தொடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீணாகும் என்று சொல்பவர்கள் நம் பக்கம் நடக்க எங்கே இடம் இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா? மைதானம் இருந்தால் கேட்டில் பூட்டு. ஓசூரானாலும் கிருஷ்ணகிரியானாலும் சர்வீஸ் ரோட்டில் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில், பின்னால் வரும் ஹாரனுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஜனங்கள் நடக்கிறார்கள். அப்படி ஒரு மாதம் விடாமல் நடந்தவருக்கு ஒருவேளைச் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்பது அநியாயம்.

மறுநாள் காலை எடை பார்க்காதீர்கள். ஒரு கிலோ கூடக் காட்டலாம். உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் பிடித்து வைத்த தண்ணீர் அது, கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி மிச்சமாக வேண்டும், ஒரு மேஜையில் அவ்வளவு சாப்பிட முடியாது. தண்ணீர் நிறையக் குடித்து, வழக்கம்போல் நடந்து, மூன்று நான்கு நாள் கழித்து ஏறிப் பாருங்கள்.