ஜப்பானியர்களுக்குப் பருந்து, வல்லூறு, ஆந்தை எல்லாம் எதைக் குறிக்கின்றன?

எனக்கு இது ஒரு ரொட்டி பறிபோன கதையில் ஆரம்பித்தது. கமாகுரா கடற்கரையில் உட்கார்ந்து பாதி தின்றிருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறல், அவ்வளவுதான், கை காலி. கூட வந்த ஜப்பானிய நண்பர் சிரித்துக்கொண்டே "தோன்பி நி அபுராகே" என்றார். 'பருந்துக்குப் போனது பொரித்த தோஃபு' என்று அர்த்தம். கைக்கு வந்த பொருளை வேறொருவன் தட்டிக்கொண்டு போனால் சொல்வது. பறித்தது நம்மூர்க் கள்ளப்பருந்தின் இனம்தான். நாம் வைத்த பெயரும் தப்பில்லை!

இந்தத் தோன்பி அங்கே சாமானியன். 'தாகா' என்கிற வல்லூறுதான் பிரபு. "தோன்பி தாகாவைப் பெற்றது" என்றால் சாதாரணப் பெற்றோருக்கு அபாரமான பிள்ளை. நம் சேற்றில் முளைத்த செந்தாமரை. பாராட்டுதானே என்று பெற்றோர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடாதீர்கள். அவர்களைத் தோன்பி என்றதாகிவிடும். "திறமையுள்ள தாகா நகத்தை மறைத்துக்கொள்ளும்" என்பதற்கு நம் நிறைகுடமே போதும்.

தாகாவுக்கு இந்த மரியாதை வேட்டையால் வந்தது. அதைப் பழக்கி வேட்டையாடுவது பெரிய இடத்துச் சமாச்சாரம். ஷோகன் என்கிற ராணுவ ஆட்சியாளர்களின் வம்சத்தைத் தொடங்கிவைத்த தொகுகாவா இயேயாசுவுக்கு அதில் பைத்தியம். ஐந்தாம் ஷோகன் சுனயோஷி உயிர்வதை கூடாதென்று நிறுத்தினார். 1716இல் பதவிக்கு வந்த எட்டாமவர் யோஷிமுனே திரும்பத் தொடங்கிவைத்தார். புகழ்பெற்ற கதையில் 47 ரோனின்கள், அதாவது எஜமானை இழந்த சாமுராய் வீரர்கள், யாருக்காகப் பழிவாங்கினார்களோ, அந்த அசானோ குலத்தின் சின்னமே குறுக்காக வைத்த இரண்டு தாகா இறகுகள்தான்.

புத்தாண்டின் முதல் கனவில் ஃபுஜி மலை, தாகா, கத்தரிக்காய் வந்தால் யோகம் என்பார்கள், அந்த வரிசையிலேயே. கத்தரிக்காய் எதற்கு? 'நாசு' என்றால் கத்தரிக்காய். 'சாதித்தல்' என்பதும் அதே ஒலி. 'தாகா' உயரத்தையும் நினைவூட்டும். இன்னொரு விளக்கமும் உண்டு: இயேயாசு வாழ்ந்த சுருகா மாகாணத்தில் உயரமானவை மூன்று. ஃபுஜி, அஷிதாகா மலை, சீசனுக்கு முன் வரும் கத்தரிக்காயின் விலை. எனக்குப் பிடித்தது இதுதான்.

சாமானியன் என்றேனே, தோன்பிக்கும் ஒரு காலம் இருந்தது. ஜப்பானின் முதல் பேரரசர் என்று புராணம் சொல்லும் ஜிம்முவின் வில் நுனியில் ஒரு பொன் பருந்து வந்து உட்கார, அதன் ஒளியில் எதிரிப்படை கண்கூசிப் போனது என்கிறது 720ஆம் ஆண்டின் வரலாற்று நூலான 'நிஹோன் ஷோகி'. அந்தப் பொன் பருந்தின் பெயரிலேயே 1890இல் ராணுவப் பதக்கம் ஏற்படுத்தினார்கள். போரில் தோற்றபின் 1947இல் அது ஒழிந்தது.

ஆந்தை கதை வேறு. தாயையே தின்னும் பறவை என்று சீனத்திலிருந்து வந்த பழி ஒருகாலத்தில் அதன்மேல் இருந்தது. இன்று பெயரே காப்பாற்றிவிட்டது: 'ஃபு' இல்லை, 'குரோ' கஷ்டம். ஃபுகுரோ என்றால் கஷ்டமில்லை! சாவிக்கொத்து, பீங்கான் பொம்மை என்று கடையெல்லாம் ஆந்தை. தோக்கியோவின் இகேபுகுரோ ரயில் நிலையத்தில், ஊர்ப்பெயரில் 'புகுரோ' இருப்பதாலேயே ஒரு ஆந்தைச் சிலை. ஆட்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. வடக்கே ஹொக்கைதோவின் ஐனு மக்களுக்கு இந்த ஒலி விளையாட்டெல்லாம் தேவைப்படவில்லை. மீன் பிடிக்கும் பெரிய ஆந்தை அவர்களுக்கு ஊரைக் காக்கும் தெய்வம்.

நானும் ஒரு பீங்கான் ஆந்தை வாங்கிவந்து, இத்தனையும் விளக்கி அம்மா கையில் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.