15 வருடம் ஷெட்டில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? மாருதி என்ஜின் போடலாமா?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: தாத்தா வாங்கிய 1969 ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. 15 வருடமாக ஷெட்டில் நிற்கிறது, என்ஜின் சுற்றவில்லை. மெக்கானிக் ஒருவர் "மாருதி என்ஜின் வைத்துவிடலாம்" என்கிறார்.

வீட்டிலேயே முடியும். மாருதி என்ஜின் வேண்டாம். வேலையை என்ஜினிலிருந்து தொடங்கவும் வேண்டாம். பலர் முதலில் என்ஜினைக் கிளப்பிவிட்டு, அந்த உற்சாகத்தில் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். முன் சக்கரம் மடங்குவது அப்போதுதான்.

வீட்டு ஷெட்டுக்கு ஹெரால்டு போல் தோதான கார் இந்தியாவில் ஓடியதில் குறைவு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பாடியும் சேஸிஸும் ஒரே உடம்பு. இதற்கு அடியில் தனிச் சேஸிஸ், மேலே போல்ட் போட்ட பாடி. முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிக் கவிழும், அப்போது என்ஜினும் முன் சஸ்பென்ஷனும் நின்றபடியே கைக்கு எட்டும். இங்கிலாந்தில் 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலொட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 948 சிசி என்ஜினோடு தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு நம்மூரில் மட்டும் வந்தது. கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் அது நினைவில் இருக்கட்டும்.

முதல் செலவு ஸ்பேனர். இந்த வண்டியின் நட்டு, போல்ட் பெரும்பாலும் அங்குல அளவு, யு.என்.எஃப். மரை. 7/16, 1/2, 9/16, 5/8, 11/16, 3/4 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயான அகலம்) ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்குங்கள். 13 மி.மீ. ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் ஏறும், ஆனால் துருப்பிடித்த நட்டாக இருந்தால் முனையைத் தேய்த்துவிடும். அப்புறம் உளிதான். நான்கு 3 டன் ஆக்சில் ஸ்டாண்டும் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை ஏற்றிவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் விரிசல் விடாமலே ஒரு நொடியில் நொறுங்கும்.

அடுத்தது சேஸிஸ். நடுவில் ஓடும் இரண்டு தண்டவாளம் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் உளுத்துப்போகும், அதிலும் பின் சக்கரத்துக்கு முன்னால், அதை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் மாட்டும் இடம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கையை மாற்றத்தான் வேண்டும், மேலே தகடு வைத்து ஒட்டுப் போடுவது பயன்படாது. பாடியைக் கழற்றாமல், ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டி, அதை முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து வெட்டினால் அளவு எடுக்க எதுவுமே மிஞ்சாது, கதவு இடைவெளி ஓடிவிடும். சேஸிஸுக்கு 16 கேஜ் தகடு, பாடிக்கு 20 கேஜ். சிஓ2 வெல்டிங்கே நல்லது. கேஸ் வெல்டிங் சூட்டில் பாடித் தகடு நெளியும், அந்த நெளிவை மறைக்க டிங்கர் கிலோக்கணக்கில் பட்டி பூசுவார். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் ரப்பர் பட்டையும் தகட்டு ஷிம்மும் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை ஷிம் என்று எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சரியாக மூடுவது அந்தக் கணக்கால்தான்.

இப்போது முன் சக்கரம். மேலே பால் ஜாயின்ட், கீழே பித்தளை ட்ரனியன். செங்குத்தாக நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அது ட்ரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. இதற்குப் போட வேண்டியது 90 கியர் ஆயில், கிரீஸ் கூடாது. ஆயில் மரை முழுக்க இறங்கும். கிரீஸ் வாயிலேயே கட்டிக்கொண்டு காயும், கீழே தண்ணீர் புகுந்து மரை அரிக்கும், ஒரு நாள் தண்டு மரையிலேயே முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். நம்மூர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடிப்பார்கள், அதனால் உங்கள் வண்டியிலும் கிரீஸ்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பிரியுங்கள்.

தண்டைத் திருகிக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரையின் மேல் எல்லையில் துருக்குழியோ மயிரிழைக் கீறலோ உண்டா என்று பாருங்கள். டை பெனிட்ரன்ட் ஸ்பிரே அடித்தால் கீறல் சிவப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் தண்டையும் ட்ரனியனையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய பித்தளையில் பழைய மரை நிற்காது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர் திசை, கலந்துவிடக் கூடாது. பூட்டும்போது முழுவதும் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்னால் விடுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் முழு லாக் எடுக்காது. பழைய கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி, அதில் கியர் ஆயில் நிரப்பி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, கீழே புது ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும். இதே மாதிரி ட்ரனியன் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும் இருப்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, தேய்ந்த ஒன்றைக் கழற்றி இன்னொரு தேய்ந்ததைப் பூட்டாதீர்கள்.

பின்பக்கம் குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங், ஸ்விங் ஆக்சில் (ஒவ்வொரு பக்க ஆக்சிலும் தனியாக மேலும் கீழும் ஊசலாடும்). புஷ் மாற்றினால் அந்த போல்ட்களைக் கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரத்தில் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சில மாதத்தில் கிழியும்.

சுற்றாத என்ஜினுக்கு வருவோம். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். என்ஜின் விட்டுக்கொடுத்ததும் சம்ப்பில் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பழைய ஆயிலை இறக்கி, 20டபிள்யூ-50 சுமார் 4 லிட்டர் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் லைட் அணையும்வரை பாருங்கள். பிறகு கம்ப்ரெஷன். நான்கிலும் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 15க்குள் என்றால் சிலிண்டரைக் கடையும் போர் வேலை இப்போதைக்குத் தேவையில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

இந்த என்ஜினுக்கென்றே ஒரு நோய் உண்டு. கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் இருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். தேய்ந்தால் அவை நழுவி சம்ப்பில் விழும், அப்புறம் கிராங்க் பிளாக்கையே உரசும், பிளாக் போய்விடும். ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்னால் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வந்தால் சம்ப்பை இறக்குங்கள். டயல் கேஜில் 4 முதல் 8 தௌ சரி. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 4 தௌ என்றால் 0.1 மி.மீ. என்ஜினை இறக்காமலே பின் மெயின் கேப்பைக் கழற்றி வாஷரை மாற்றலாம். பள்ளக் கோடுகள் உள்ள பக்கம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி இதே வேலைதான்.

ஹெட் கழன்றிருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கடின வால்வு சீட் அடிக்கச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோடு போய்விட்டது, பழைய சீட் அதை நம்பி இருந்தது. ஹெட் நட்டு நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக 44 பவுண்டு-அடி. டேப்பெட் குளிர்ந்த நிலையில் 10 தௌ. எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு, அதாவது இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது: 1 முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஐ வையுங்கள், 3 திறந்திருக்கும்போது 6ஐ. பாயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

பெட்ரோல் லைனில் பழைய ரப்பர் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இப்போது பங்க்கில் வருவது இ20, அதிலுள்ள எத்தனால் பழைய ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் உப்பவைத்து உரிக்கும், சூடான மேனிஃபோல்டு மேல் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள், எத்தனால் இழுத்த ஈரம் அடியில் தங்கித் துருவாகும்.

பிரேக்கில் பேரமே இல்லை: மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்கள், எல்லா ஹோஸும் புதிது, டாட் 4 ஆயில். ஒரே சர்க்யூட் என்பதால் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. சிலிண்டர் உள்சுவர் குழிந்திருந்தால் லேத்தில் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போடலாம்.

மாற்றங்களைப் பற்றி. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றம் எல்லாம் நல்லது: எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்கு 30 ஆம்ப் ரிலேவும் 15 ஆம்ப் ஃபியூஸும், 13 அங்குல ரேடியல் டயர். சீட் பெல்ட் போடுங்கள், ஆனால் வெறும் தகட்டில் துளையிடாமல் அடியில் 3 மி.மீ. பட்டை வைத்து 7/16 யு.என்.எஃப். போல்ட். ஆல்டர்னேட்டர் மாட்டும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்று பாருங்கள். அந்தக் காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். அப்படியே இணைத்தால் டயோடு அந்த நொடியே போகும்.

மாருதி என்ஜின் கணக்கைப் பாருங்கள். 800 என்ஜின் குறுக்கே உட்காருவது, எனவே ஆம்னியின் என்ஜினும் கியர் பாக்ஸும்தான் பொருந்தும். 796 சிசி, 37 குதிரைத்திறன். ஹெரால்டு என்ஜின் ஏறத்தாழ 35. இந்த இரண்டு குதிரைத்திறனுக்காக சேஸிஸில் மவுன்ட் வெட்டி ஒட்டி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறைத்து, ஹைட்ராலிக் கிளட்சை கேபிளாக்க வேண்டும். 80 குதிரைத்திறன் ஜிப்ஸி என்ஜின் என்றால் பின் ஆக்சில் தாங்காது. வளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் ஸ்விங் ஆக்சில் வெளிச் சக்கரத்தை உள்ளே மடக்கும். பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் பின்பக்கம் நேர் ஆக்சில் ஆனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்ற முடியாது. 2021ல் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டியை 'விஏ' வரிசை எண்ணில் விண்டேஜாகப் பதியலாம், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி போய்விடும். விண்டேஜ் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்புக்கு மட்டும். அடிக்கடி ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து எஃப்.சி. வாங்குங்கள். எதுவானாலும் சேஸிஸ் நம்பர் தகட்டின் மேல் கிரைண்டரோ பட்டியோ படக் கூடாது.

பெயின்ட்டை வீட்டில் அடிக்க வேண்டாம். எபாக்ஸி பிரைமர்வரை நீங்கள் செய்யலாம். டூ-கே பெயின்ட் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பூத்துக்கு அனுப்புங்கள். பானெட் இடைவெளியைச் சரிசெய்வது எல்லாம் முடிந்த பிறகு, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது.

முதல் 500 கிலோமீட்டர் 60 வேகத்துக்குள். அது முடிந்ததும் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டை ஆறிய நிலையில் மறுபடி 44க்கு இறுக்கி, டேப்பெட் பார்த்து, பாடி போல்ட்களைச் சுற்றி வந்து இறுக்குங்கள். ட்ரனியனில் ஆயிலும் அடியுங்கள்.