பல்கலைக்கழக வளாகங்களில் திறந்தவெளி ஏன் சுருங்கிக்கொண்டே போகிறது?

‘கேம்பஸ்’ என்ற சொல்லுக்கே லத்தீனில் வயல்வெளி என்றுதான் பொருள். ஆனால் வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. அதற்காகச் சண்டை போட ஆளில்லை. கட்டடத்துக்கு நன்கொடை வரும், பெயர்ப்பலகை வைக்கலாம். புல்வெளிக்கு யார் தருவார்? அப்புறம் வாகன நிறுத்தம் வேறு.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், அதை நிறுவி வடிவமைத்த தாமஸ் ஜெஃபர்சன் நடுப் புல்வெளியின் தெற்குப் பக்கத்தை மலைகள் தெரியும்படி திறந்தே விட்டார். 1890களின் இறுதியில் அங்கே ஒரு கட்டடம் எழும்பி அந்தக் காட்சியை மூடிவிட்டது.

மாறாக, இல்லினாய் பல்கலைக்கழகம் 1876இல் தொடங்கிய மாரோ சோதனை வயலின் மக்காச்சோளத்தின்மேல் நிழல் விழக்கூடாதென்று 1960களில் ஒரு நூலகத்தையே தரைக்கடியில் கட்டியது. சரி, அங்கே ஆராய்ச்சி நடந்தது. சும்மா உட்கார்ந்து பேசும் மரத்தடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.